அவ போன பொறவு சொன்ன சொல்லு

வா லே பேராண்டி, உக்காரு. அந்தப் பக்கம் வேண்டாம், வெத்தலை எச்சி பட்டிருக்கும். இப்படி வா. கொடை முடிஞ்சு மூணு நாளாச்சு. வந்த சனமெல்லாம் மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிட்டு. நீ மட்டும் வேப்பமரத்தையும் என் மூஞ்சியவும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டுக் கெடக்கே. லீவு பாக்கி இருக்குன்னு ஆச்சிட்ட சொன்னியாம். ஆச்சி நம்பிட்டா. நான் 34 வருசம் பள்ளிக்கூடத்துல லீவு லெட்டர் வாங்குனவன். வயித்துவலின்னு எழுதி நீட்டுத பயலோட கண்ணு எங்கன பாக்கும்னு எனக்குத் தெரியும்.

சரி, அந்தப் போனை எதுக்குலே கவுத்திப் போட்டிருக்கே? தோசையா அது, மறுபக்கம் வேகட்டும்னு போட?

சொல்லு. ம். ம். ஒன் பொண்டாட்டி ஒம்மேல சந்தேகப்படுதா. போன்ல யாருன்னு கேக்குதா. ஆபீஸ்ல கூட வேலை பாக்குத பிள்ளையப் பத்திக் கேக்குதா. அதனால நீ கோவிச்சுக்கிட்டு ஆச்சி கையால சோறு திங்க வந்துட்டே. இவ்வளவு நேரம் தமிழ்ல பேசிட்டு வந்தவன் அந்த எடத்துல மட்டும் இங்கிலீசுக்குத் தாவுனியே, "ஷி ஈஸ் வெரி ஜெலஸ் தாத்தா"ன்னு, அதைத்தான் கேட்டேன். பொறாமைக்காரின்னு தமிழ்ல சொன்னா நாக்கு சுடுமோ?

இன்னொண்ணு கேக்கேன். இதை அவட்ட நேராச் சொன்னியா, இல்ல என்கிட்டதான் மொதல்ல சொல்லுதியா?

அதான பாத்தேன்.

அந்த வெத்தலை உரலை இங்கிட்டுத் தள்ளு. பல்லு போனதுக்கு அப்புறம் இடிச்சுத்தான் திங்க வேண்டியிருக்கு. நீ கேட்டாலும் கேக்காட்டாலும் ஒரு சொல்லைப் பத்திச் சொல்லப் போறேன். ஒன்னோட சேதியும் அதுக்குள்ள வரும், நீயே கண்டுக்கிடு. அந்தச் சொல்லு ஜெலஸ்-ஹுட். ஒன் ஆபீசுல ஒருத்தனும் கேள்விப்பட்டிருக்க மாட்டான். இங்கிலீஸ்காரனே அகராதியத் தூக்கிட்டு வரணும். ஷேக்ஸ்பியர் அவ்வளவு எழுதியிருக்காரே, அவர் எழுத்துல ஒரே ஒரு எடத்துலதான் இது வருது. அதையும் அடுத்தடுத்து ரெண்டு மட்டம் சொல்ல வச்சுட்டு விட்டுட்டாரு.

ரோமியோ ஜூலியட் நாடகம். அது கண்ணீர்க் கதைன்னுதான ஒனக்குத் தெரியும்? நாலாம் அங்கம் நாலாம் காட்சிக்கு வா. கல்யாண வீட்டு அடுக்களை. வெரோனா ஊரு, கேப்யுலெட் வீடு. பொண்ணு ஜூலியட்டைப் பாரிஸ்னு ஒரு பெரிய எடத்துப் பையனுக்குக் கட்டிக் குடுக்கப் போறாங்க. வியாழக்கெழமைன்னு குறிச்ச நாளை அப்பன்காரனே புதன்கெழமைக்கு இழுத்துப் போட்டுட்டான். வீட்டுல ஒருத்தருக்கும் தூக்கமில்ல. ராத்திரி மூணு மணி அடிச்சாச்சு. பலகாரம் செய்யுத எடத்துல பேரீச்சம்பழம் இல்லைங்கா ஒருத்தி, சாவிக்கொத்தை எடுத்துட்டுப் போய் மசாலாச் சாமான் எடுத்து வான்னு சொல்லுதா இன்னொருத்தி. வேலைக்காரப் பயலுவ கறி சுடுத கம்பியவும் வெறகையும் கூடையவும் தூக்கிட்டு ஓடுதான். அதுக்கு நடுவுல வீட்டுத் தலைவன், வயசான மனுசன், அங்கயும் இங்கயும் நின்னு கறி வேகுதா பாரு, செலவைப் பாக்காதேன்னு கத்திக்கிட்டுக் கெடக்கான். நம்ம வீட்டுக் கல்யாணத்துல ஒன் பெரிய தாத்தா சாம்பாரு அண்டாவுக்குள்ள தலைய விட்டுட்டு நிப்பாரே, அதே கோலம்.

தாதிக்காரிக்குப் பொறுக்கல. போய்ப் படும்யா, நாளைக்கு ஒடம்புக்கு ஆகாதுங்கா. சும்மா சொல்லல, ஒரு பட்டப்பேரைச் சேத்துச் சொல்லுதா. காட்-க்வீன். காட்-னா குடிசை. க்வீன்-ன ஒடனே மகாராணின்னு நெனச்சிராத, இது எழுத்து வேற. ரெண்டும் பொம்பளைங்கிற ஒரே வேருல மொளைச்ச சொல்லு. ஒண்ணு அரமனைக்குப் போச்சு, இன்னொண்ணு தெருவுக்கு வந்து கேவலப்பட்டுப் போச்சு. அந்தத் தெருவுக்கு வந்த க்வீன் இது. காட்-க்வீன்னா மொதல்ல குடிசைக்காரி. அப்புறம் வாயாடிப் பொம்பளை. அப்புறமா அடுக்களைக்குள்ள மூக்கை நுழைக்குத ஆம்பளை. சம்பளம் வாங்குத தாதி மொதலாளியப் பாத்து இந்தப் பேரைச் சொல்லுதா, அவனும் கேட்டுக்கிட்டு நிக்கான். கல்யாண வீட்டுல அதெல்லாம் செல்லும்.

அந்த ஆளு என்ன சொல்லுதான்னா, இதைவிட அல்ப காரியத்துக்கெல்லாம் ராத்திரி பூரா முழிச்சிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகல. அது பெருமைக்குச் சொன்னது. பொண்டாட்டி விட்டாளா? ஆமா ஆமா, ஒம்ம காலத்துல நீரு நல்லா முழிச்சவர்தான், எலி பிடிக்கப் போனவராச்சே, இனிமே அந்த முழிப்பு முழிக்காமப் பாத்துக்கிடுதது என் பொறுப்புன்னு ஒரே போடு. மவுஸ்-ஹண்ட்ங்கிற சொல்லு அது. அந்தக் காலத்துல அங்க ஆசைப்பட்ட பொம்பளைய எலிக்குட்டின்னு கொஞ்சுவான், நாம கிளிங்குத மாதிரி. அப்ப எலிவேட்டைன்னா என்னன்னு ஒனக்கு வெளக்கணுமா?

அந்த ஹண்ட்டுக்குள்ளயும் ஒரு குசும்பு இருக்கு. அது வேட்டையே கெடையாதுங்காங்க. டச்சுக்காரன் நாட்டுல மைசோண்ட்னு ஒரு பிராணி. எலியத் தொரத்திப் பிடிக்கும், கீரி மாதிரி நீளமா, வளைக்குள்ள சுளுவா நுழையும். ஹோண்ட்னா நாயி. எலிநாய்ங்கிற பேரு கடலைத் தாண்டி வந்ததும் இங்கிலீஸ் காதுல வேட்டையா விழுந்துட்டு. ஆக அந்தம்மா புருசனை வேட்டைக்காரன்னு சொல்லல, ராத்திரி ராத்திரி வளை வளையா நுழைஞ்ச கீரிப்பிள்ளைன்னு சொல்லியிருக்கா. எனக்கு இந்த அர்த்தந்தான் ருசியாத் தெரியுது. முழிக்கிறதுக்கும் காவல் காக்குறதுக்கும் அவ ஒரே சொல்லைத்தான் போடுதா, வாட்ச். அந்தச் சொல்லும் வேக்ங்கிற சொல்லும் ஒரே வயித்துல பொறந்தது. ஒன் மணிக்கட்டுல கட்டியிருக்கியே, அதுவும் அந்தக் குடும்பந்தான். மணி பாக்கன்னு வாங்குனே, இப்ப அது எத்தனை அடி நடந்தே, எங்க போனேன்னு எல்லாம் கணக்கு வச்சுக்கிட்டு இருக்கு.

இப்பக் கவனி. அவ சொல்லிட்டாளா, தாதியக் கூட்டிக்கிட்டு வெளிய போயிட்டா. மேடையில இல்ல. அதுக்கு அப்புறந்தான் இந்த மனுசன் வாயத் தொறக்கான். ஜெலஸ்-ஹுட், ஜெலஸ்-ஹுட்! ரெண்டு மட்டம். அவ முதுகு மறையுத வரைக்கும் காத்திருந்து சொல்லுதான். ஒடனே வெறகு தூக்கிட்டு வந்த பயகிட்டத் திரும்பி, ஏ, அது என்னலே, காஞ்ச கட்டையா எடுத்துட்டு வான்னு பேச்சை மாத்திட்டான்.

நான் பள்ளிக்கூடத்துல இதை நடத்தும்போது பயலுவ எல்லாம் இந்த எடத்தை விட்டுட்டு ஜூலியட் குடிச்ச மயக்கமருந்துக்குத்தான் ஓடுவான். பரீச்சையில அதான கேப்பான். நான் மட்டும் வெளிய போனா, வெளிய போனான்னு அந்த ஒரு குறிப்பைப் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சொல்லுவேன். அப்பப் புரியாத ஒருத்தன் கல்யாணத்துக்கு அப்புறம் பஸ் ஸ்டாண்டுல என்னைப் பாத்துக் கும்பிட்டுட்டு, சார், அந்தக் குறிப்பு இப்பத்தான் வெளங்குச்சுன்னான்.

இப்போ சொல்லுக்கு வருவோம். மொத பாதி ஜெலஸ், அது எல்லாருக்கும் தெரியும். பின் பாதி ஹுட். அங்கதான் உரை எழுதுனவங்க ரெண்டா பிரிஞ்சு நிக்காங்க. இங்கிலீசுல ஹுட் ரெண்டு. பாக்க ஒரே ஆளு மாதிரி இருக்கும், ஆனா வேற வேற ஊரு, வேற வேற அப்பன். ஒண்ணு சைல்ட்ஹுட், விடோஹுட்ல வால் மாதிரி ஒட்டுத ஹுட். பழைய இங்கிலீசுல அது ஹாட்னு தனிச் சொல்லா தலை நிமிந்து நடந்துக்கிட்டு இருந்துச்சு. நெலைமை, தகுதி, ஆளுன்னெல்லாம் அர்த்தம். ஜெர்மன்காரன் சொல்லுக்குப் பின்னால ஹைட்னு போடுவான் பாரு, அவன் இதுக்குப் பங்காளி. காலம் போகப் போக நடை தளந்து, அடுத்த சொல்லைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்க முடியும்னு ஆயிட்டு. என்னைய மாதிரின்னு வச்சுக்கோ, தடி இல்லாம வாசல் தாண்ட முடியல.

இன்னொரு ஹுட் தலையில போடுத முக்காடு. பழைய இங்கிலீசுல ஹோட். ஜெர்மன்காரன் தொப்பிக்கு ஹூட்ங்கான், இங்கிலீஸ்காரன் ஹேட்ங்கான், எல்லாம் ஒரே தறியில நெஞ்ச துணி. நாளாக நாளாக இந்த ரெண்டு ஹுட்டுக்கும் எழுத்தும் ஒண்ணாயிட்டு, சத்தமும் ஒண்ணாயிட்டு. அதுக்கு மேல, 1599-லயும் 1623-லயும் நாடகத்தை அச்சுப் போட்டவங்க காலத்துல ரெண்டு சொல்லைச் சேத்து எழுதணுமா பிரிச்சு எழுதணுமான்னு ஒரு கட்டுப்பாடும் கெடையாது. ஜே எழுத்தே தனியா கெடையாது, ஐ-யைப் போட்டுத்தான் ஜெலஸ்னு அச்சடிச்சான். அப்புறம் வந்த பதிப்பாளர்கள்ல நடுவுல கோடு போட்டவனும் உண்டு, ரெண்டு சொல்லாவே விட்டவனும் உண்டு.

வாலு ஹுட்னு வச்சா அர்த்தம் பொறாமைத்தனம். பாரு, இதான் பொறாமைங்கிறதுன்னு கெழவன் ஒரு தத்துவம் பேசுத மாதிரி. முக்காடு ஹுட்னு வச்சா, பொறாமை முக்காடு, அதாவது அந்த முக்காட்டைப் போட்டிருக்குத பொம்பளை. தலையில இருக்குதை வச்சு ஆளுக்குப் பேரு வைக்கது அங்க உண்டு. கிறுக்குப்பயல மேட்கேப்னான், பைத்தியக் குல்லாய். இங்க மட்டும் என்ன, காக்கிச்சட்டை வாரான்னா சட்டையா நடந்து வருது?

நான் முக்காடு கட்சி. ஏன்னு கேளு. அந்தச் சின்னக் காட்சியில எத்தனை ஏச்சு வருதுன்னு எண்ணிப் பாரு. தாதி சொன்னது காட்-க்வீன், ஆளுக்கு வச்ச பேரு. பொண்டாட்டி சொன்னது மவுஸ்-ஹண்ட், அதுவும் ஆளுக்கு. கடைசியில வெறகு தூக்குத பய, கட்டை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க எனக்கே தலை இருக்குங்கான். கேப்யுலெட் சிரிச்சுக்கிட்டே அவனுக்கு லாகர்-ஹெட்னு பட்டம் குடுக்கான், கட்டைத்தலையன். மூணு பேரும் ஆளைத்தான் ஏசுதாங்க, ரெண்டு ரெண்டு சொல்லை முடிஞ்சு முடிஞ்சு எறியுதாங்க. நடுவுல இவன் மட்டும் திடீர்னு தத்துவம் பேசுவானா, அதுவும் ராத்திரி மூணு மணிக்கு, கறி கருகுத வாசத்துல? பண்டிதரு என்னவும் சொல்லட்டும். ஏச்சு ஏச்சுதான்.

அந்தக் கெழவன் யோக்கியதையையும் சொல்லிருதேன். மொதல் அங்கத்துல அவன் வீட்டுல ஒரு விருந்து. வந்தவங்க எல்லாம் முகமூடி போட்டு ஆடுதாங்க. நானும் ஒரு காலத்துல முகமூடி மாட்டிக்கிட்டு அழகான பொம்பளை காதுல குசுகுசுன்னு கதை சொன்னவன்தான்னு அந்த எடத்துல ஏங்குதான். ஆடி 30 வருசம் ஆச்சுன்னு சொந்தக்காரன் ஒருத்தன் கூட உக்காந்து கணக்குப் போடுதான். அவ எலி பிடிச்சவரேன்னு சொன்னது ஆதாரம் இல்லாத பேச்சா? அவனே வாக்குமூலம் குடுத்திருக்கான். முகமூடி போட்டவன் அவன், முக்காடுங்கிற பேரு அவளுக்கு. நல்லா இருக்குல்ல நியாயம்?

எச்சிப் படிக்கத்தை எடு. ம்.

மொத பாதிய விட்டுட்டேன். ஜெலஸ்ங்கிற சொல்லு பிரான்சு வழியா வந்தது, அதுக்கு முன்னால லத்தீன், அதுக்கும் முன்னால கிரேக்கம். அங்க அது ஸீலோஸ். அதே ஸீலோஸ்தான் இன்னொரு பாதையில நடந்து ஸீல் ஆச்சு, ஸெலஸ் ஆச்சு. ஸெலஸ்னா ஒரு காரியத்துல உசுரா இருக்கது. ஒன் மேனேஜர் வருச அறிக்கையில ரொம்ப ஸெலஸ்னு எழுதுனா இன்க்ரிமெண்ட் வரும். ஒன் பொண்டாட்டி மேல நீ எழுதுனது ஜெலஸ். ஒரே தாயி பிள்ளைங்க, ஒண்ணு பிரெஞ்சுக்காரன் வாயில மாட்டி ஸ, ஜ ஆயிட்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

கிரேக்கர்ல ஸீலோஸ் ஒரு குட்டித் தெய்வம்டே. ஹெசியட்னு பழைய புலவர் குடும்ப வரிசை சொல்லுதாரு. ஸ்டிக்ஸ் பெத்த நாலு பிள்ளைங்க, வெற்றி, பலம், பலாத்காரம், அப்புறம் இந்த ஸீலோஸ். வெற்றிதான் நைக்கி. நீ காலுல மாட்டியிருக்கியே செருப்பு, அதுல இருக்க அதே நைக்கி. ஆக நீ ஏசுத சொல்லோட கூடப் பொறந்தவளை மிதிச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறி வந்திருக்கே. அரிஸ்டாட்டில் இதைப் பிரிச்சே சொன்னாரு. அவன்ட்ட இருக்கேன்னு எரியுதது ஒண்ணு, என்கிட்ட இல்லையேன்னு வெசனப்பட்டு முயற்சி பண்ணுதது இன்னொண்ணு. ரெண்டாவதுதான் ஸீலோஸ், அது நல்லவனுக்கு உள்ள குணம்னாரு. பைபிள்ல யாத்திராகமத்துல கடவுள் தன்னையே இந்தச் சொல்லால சொல்லுதாரு. தமிழ் பைபிள்ல எரிச்சலுள்ளன்னு போட்டிருப்பாங்க. என்னைத் தவிர இன்னொருத்தரைக் கும்பிடாதேங்கிற எரிச்சல். பொண்டாட்டிமாரு கேக்குததும் கிட்டத்தட்ட அதுதான், என்ன, அவங்க கல்லுல எழுதித் தரமாட்டாங்க.

இந்தச் சொல்லு ஒரு ஜன்னலாவும் ஆச்சு. பிரெஞ்சுக்காரன் ஜலூசிங்கான். மரப்பட்டைய வரிசையா சாய்ச்சு அடிச்ச ஜன்னக் கதவு. புதுச்சேரியில வெள்ளைக்காரன் கட்டுன தெருவுல பாத்திருப்பே. ஸ்பெயின்காரன், இத்தாலிக்காரன் எல்லாம் பொறாமைங்கிற சொல்லையேதான் இதுக்குப் பேரா வச்சிருக்கான். உள்ள இருக்கவ தெருவைப் பாக்கலாம், தெருவுல போறவன் அவளைப் பாக்க முடியாது. பொறாமை புருசனுக்கு, ஜன்னல் பொண்டாட்டிக்கு. பேரு வாங்குனது மட்டும் யாருன்னு ஒரு நாளும் ஒழுங்கா எழுதல.

அந்த ஜன்னல் அழிஞ்சு போச்சுன்னு நெனச்சிருந்தேன். போன வருசம் நீ வந்தப்போ, புதுசா ஒட்டுன கண்ணாடின்னு போனைக் காட்டுனியே. நேராப் பாத்தாத் தெரியும், பக்கத்துல இருந்து பாத்தா கறுப்பாப் போயிரும்னே. அது எப்படின்னு டவுன்ல கடைக்காரப் பையன்ட்ட கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத நுணுக்கமான பட்டைங்க அதுக்குள்ள வரிசையா நிக்கும் தாத்தான்னான். அடப்பாவி, அதான்டே ஜலூசி! பிரெஞ்சுக்காரன் வாசல்ல அடிச்சதை நீ உள்ளங்கையில அடிச்சு வச்சிருக்கே. ஜன்னலை நீ மாட்டிக்கிட்டே, ஜெலஸ்ங்கிற பேரை அவளுக்கு மாட்டுதே.

பொறாமைக்குப் பச்சைக் கண்ணுன்னு ஷேக்ஸ்பியர் சொன்னது ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். வெனிஸ் வணிகன்ல போர்ஷியா வாயிலயும், ஒத்தெல்லோவுல இயாகோ வாயிலயும் வரும். இயாகோதான் அந்த அப்பாவி ராணுவக்காரன் காதுல வெசத்தை ஊத்துனவன், ஊத்திக்கிட்டே, ஐயா, பொறாமைங்கிற பூதத்துக்கிட்ட சாக்கிரதையா இருங்கன்னு புத்தியும் சொன்னான். மஞ்சளும் உண்டு. அந்தக் காலத்து இங்கிலாந்துல மஞ்சக் காலுறை போட்டவன்னா பொறாமை பிடிச்சவன்னு கிண்டல். ஹார்ன்-மேட்னு இன்னொண்ணு, கொம்புக்கிறுக்கு. பொண்டாட்டி அடுத்தவனோட போயிட்டான்னா புருசன் தலையில கொம்பு மொளைக்கும்னு அங்க ஒரு பரிகாசம். அந்தக் கொம்பை நெனச்சே காளை மாதிரி முட்டத் திரியுதவன். இதெல்லாம் ஆம்பளைக்கு. பச்சை, மஞ்சள், கொம்பு, கிறுக்கு, இவ்வளவு சீர்வரிசை ஆம்பளைப் பொறாமைக்குக் குடுத்துட்டு, ஏச்சுன்னு வரும்போது முக்காட்டைத் தேடுதான் பாரு.

நம்ம சொல்லு கொஞ்சம் நேர்மையானது. பொறு, அதுல ஆ, கடைசியில மை. பொறுக்காம இருக்கது, அவ்வளவுதான். யாரு பொறுக்கல, எதைப் பொறுக்கலன்னு அது கேள்வியா நிக்கும். வயித்தெரிச்சல்னா இன்னும் சுத்தம், எரியுத எடத்தையே கை வச்சுக் காட்டிருதோம். வெள்ளைக்காரன் தலையில துணி போட்டு மூடுதான்.

மூடுததுன்னதும் ஞாபகம் வருது. ஹுட்விங்க்னு ஒரு சொல்லு தெரியும்ல? ஏமாத்துததுன்னு அகராதி சொல்லும். விங்க்-னா இப்ப கண்ணடிக்கது, அப்ப கண்ணை மூடுதது. முக்காட்டை இழுத்துக் கண்ணை மூடி விட்டுட்டா அவன் எங்க போறான்னு அவனுக்கே தெரியாது. கண்ணாமூச்சியில கட்டுவோமே, அது. அந்தச் சொல்லும் இதே நாடகத்துல மொதல் அங்கத்துலயே வருது. ஆக ஒரே முக்காட்டுல ரெண்டு வேலை. மொதல்ல அவ கண்ணைக் கட்டுதது, அப்புறம் அதையே காட்டி, பாரு, பொறாமை முக்காடுங்கது.

என்னைப் பாத்து எதுக்குலே சிரிக்கே? நான் யோக்கியம்னு சொன்னேனா? எங்காலத்துல டூரிங் டாக்கீஸ் ரெண்டாவது ஆட்டம் விட்டு வர ராத்திரி ஒண்ணரை ஆயிரும். நோட்டுத் திருத்திக்கிட்டு இருந்தேன்னு சொல்லுவேன். ஒன் ஆச்சி ஒண்ணும் கேக்க மாட்டா. சட்டைய மோந்து பாப்பா. கொட்டகை மணலும் சுக்காக் கடலை வாசமும் அதுல இருக்கும். ஒரு நாளு வாசல்லயே நிறுத்தி, இன்னைக்கு எந்த வகுப்பு நோட்டு, எத்தனை பயலுவ பாஸுன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. நான் தொழுவத்துப் பக்கம் நின்னு, சந்தேகப் பிராணி, சந்தேகப் பிராணின்னு ரெண்டு மட்டம் முனகுனேன். அடுக்களையில இருந்து சத்தம் வருது, கொஞ்சம் ஒரக்கச் சொல்லுங்க, அந்தக் கெடாவுக்குக் காது கேக்கலையாம். மறுநா காலையில பழையதுக்கு மொளகா இல்ல, வெங்காயம் இல்ல, உப்பும் இல்ல. கேப்யுலெட்டுக்கு இந்தத் தண்டனை கெடைக்கல. அவனுக்குக் கெடைச்சது வேற.

அதையும் சொல்லிட்டு நிறுத்திக்கிடுதேன். அடுக்களையில இவ்வளவு நக்கல் நடக்குதே, அப்ப ஜூலியட் எங்க இருந்தா? மாடியில. இதுக்கு முந்தின காட்சியிலதான் அந்தப் பிள்ளை பாதிரியார் குடுத்த மருந்தைத் தனியா இருந்து குடிச்சுட்டு விழுந்து கெடக்கா. 42 மணி நேரம் செத்தவ மாதிரி கெடப்பேங்கிறது கணக்கு. அவளுக்கு ஏற்கனவே ரோமியோவோட கல்யாணம் ஆயிட்டு, அது இந்த வீட்டுல தாதிக்கு மட்டுந்தான் தெரியும். கீழ பொண்டாட்டி புருசனைக் காவல் காக்கா, புருசன் கறியக் காவல் காக்கான். ரெண்டு பேரும் விடிய விடிய முழிச்சிருக்காங்க. மேல ஏறி அந்தப் பிள்ளை மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல. விடிஞ்சு மேளக்காரன் சத்தம் கேட்ட பொறவுதான், போய் எழுப்புன்னு தாதிய அனுப்புதான். படிக்குதவன் ஜெலஸ்-ஹுட்டைக் கேட்டுச் சிரிச்ச வாய மூடல, அதுக்குள்ள மாடியில தாதி அலறுத சத்தம் வந்துருது.

நாலு மாசம் முன்னால அவ தலைவலி தலைவலின்னு ஆச்சிட்ட போன்ல சொல்லிட்டு இருந்தாளே, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனியா? அவளே போயிட்டு வந்தாளா. சரி. நான் ஒண்ணும் சொல்லல.

இந்தா, திண்ணை அதிருது பாரு. கவுந்து கெடந்தாலும் அது அடிக்கத்தான் செய்யுது. இது காலையில இருந்து நாலாவது. எடு. எந்திரிக்காத லே, தொழுவத்துப் பக்கம் எங்க போறே? இங்கயே உக்காந்து பேசு, நான் வெத்தலை இடிக்கேன், எனக்கு ஒண்ணும் கேக்காது. என்கிட்ட சொன்னியே அந்தச் சொல்லு, அதை அவ லைன்ல இருக்கும்போதே சொல்லு பாப்போம்.